கழுத்துப்பட்டையில் இரண்டு இலக்கங்கள்

அக்கா,

துணிக்கு இலக்கம் எழுதும் கறுப்புப் பேனாவின் மூடியை இப்போதுதான் திறந்தேன். மூக்கைக் குத்தும் அதே மணம். மேசையில் நீங்கள் எனக்கு விட்டுப்போன குளிர்கோட் கிடக்கிறது. அதன் கழுத்துப்பட்டையில் எழுதப்போகிறேன். என்ன எழுதப்போகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அதற்காகத்தானே சாகும்வரை என்னைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள்.

இந்த ஜெர்மன் ஊரில் பிரித்தானியப் படைமுகாம் இருந்த காலம். முகாமின் உடுப்புகளைத் தோய்த்துக் கொடுத்த சலவைக்கூடத்தில் நாங்கள் இருவர்தான் தமிழர். ஆட்களின் முகம் எங்களுக்குத் தேவையில்லை. உடுப்பில் எழுதிய இலக்கத்தில் எட்டு எண்கள் இருந்தால் சிப்பாய், இடப்பக்கத் தட்டு. ஆறு இருந்தால் அதிகாரி, வலப்பக்கத் தட்டு. "ஆள் பெரிசாக நம்பர் சின்னனாகுது, பாத்தியே?" என்று சொல்லிச் சிரிப்பீர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு கப்டனின் பச்சைக் கம்பளிச் சட்டை காணாமல் போனது. பட்டியலில் அவருடைய ஆறு எண்கள் இருந்தன. தட்டில் சட்டை இல்லை. அந்த மாதம் முகாமிலிருந்து வந்த மூன்றாவது முறைப்பாடு அது. மேற்பார்வையாளர் நேரே புதியவளான என்னிடம் வந்தார். மத்தியானத்துக்குள் சட்டை கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை வரத் தேவையில்லை என்றார். வேலை போனால் விசா நீட்டிப்பும் போய்விடும். நான் அழுதழுது ஒவ்வொரு இயந்திரத்துக்குள்ளும் தலையை விட்டுத் தேடினேன்.

நீங்கள் தேடவேயில்லை. கதிரையில் சாய்ந்திருந்து கூரையைப் பார்த்தீர்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"எடி பிள்ளை, அந்த மீசைக்காரச் சார்ஜன்ட் இப்ப ஏன் உடுப்புக் குடுக்கிறேல்லை?"

"எனக்கென்ன தெரியும் அக்கா? வேற முகாமுக்குப் போயிருப்பார்."

"போனவன்ர சட்டை முந்தநாள் எப்பிடி வந்தது?"

எழும்பிப் போய், யாரும் கேட்டு வராத சிப்பாய் உடுப்புகளின் அடியிலிருந்து ஒரு பச்சைச் சட்டையை இழுத்தெடுத்தீர்கள். கழுத்தில் எட்டு எண்கள். அதைத் தலைக்கு மேலே தூக்கிக் கத்தினீர்கள்: "உவன் காணாமப் போகேல்லையடி! ஏறிட்டான்!"

மேற்பார்வையாளர் நம்பவில்லை. மத்தியானம் கப்டனே வந்தார். அதே மீசை. சிப்பாயாகச் சேர்ந்து, சார்ஜன்டாகி, அந்த மாதம்தான் அதிகாரியானவர். பட்டியலில் புதிய இலக்கத்தை எழுதியவர், பழைய சட்டையைக் கைவிட மனமில்லாமல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். உங்கள் பள்ளிக்கூட இங்கிலிஷில் அவரை விடாமல் கேள்வி கேட்டு, எனக்குத் தமிழில் சொன்னீர்கள். முற்காலத்தில் அதிகாரிகளுக்கு இலக்கமே கிடையாதாம். கனவான்களுக்குப் பெயர் போதுமென்று விட்டிருந்தார்களாம். முதலாம் உலகப் போருக்குப் பிறகுதான் அவர்களுக்கும் கொடுத்தார்கள், அதுவும் சிப்பாய்களோடு கலக்காத தனி வரிசையில். ஆகவே கீழேயிருந்து ஏறுகிறவர் பழைய இலக்கத்தை விட்டுப் புதியது எடுக்க வேண்டும்.

அவர் பேனாவை வாங்கி, பழைய இலக்கத்தின் மேல் ஒற்றைக் கோடு இழுத்துப் புதியதைக் கீழே எழுதினார். முழுவதும் அழித்துவிடலாமே என்று கேட்கச் சொன்னேன். அந்த இலக்கத்தோடுதான் இருபது வருடம் நடந்தேன் என்றாராம்.

மேற்பார்வையாளர் என்னிடம் முணுமுணுப்பாக மன்னிப்புக் கேட்டார். நீங்கள் விடுவீர்களா? எல்லாருக்கும் கேட்க இன்னொருமுறை சொல்லவைத்தீர்கள். சலவைக்கூடமே கைதட்டியது. அன்று உங்களைக் கட்டிப்பிடித்தது இன்னும் என் கைகளில் இருக்கிறது.

நீங்கள் ஜெர்மன் குடியுரிமை எடுத்தபோது, இந்தக் கோட்டில் உங்கள் அகதி விண்ணப்பக் கோவையின் இலக்கத்தை எழுதி, ஒற்றைக் கோடு இழுத்து, புதிய பாஸ்போட் இலக்கத்தைக் கீழே எழுதிக்கொண்டு வந்து காட்டினீர்கள். "நீ எப்பயடி ஏறப்போறாய்?" நான் ஊர்ப் பாஸ்போட்டைப் பிடித்துக்கொண்டு, குடியுரிமைப் பரீட்சைக்கும் பயந்து, வருடக்கணக்காக இழுத்தடித்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதையேதான் கேட்டீர்கள். நான் உங்கள் போர்வையைச் சரிசெய்தேன். அந்த வெட்கம் நேற்றுவரை இருந்தது.

இன்று காலை நகரசபையில் குடியுரிமைப் பத்திரம் தந்தார்கள், அக்கா. பரீட்சையில் ஒரேயொரு கேள்விதான் பிழை. பழைய வதிவிட அட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது, அங்கிருந்த பெண் என் கோவை இலக்கத்தைக் கணினியில் தட்டிவிட்டு, இந்த இலக்கத்தில் இனி யாரும் இல்லை என்றாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஏன் சிரிக்கிறீர்கள் என்று அவள் கேட்க, தமிழ்தான் முந்திக்கொண்டு வந்தது. "நான் காணாமப் போகேல்லை. ஏறிட்டன்!"

உங்கள் எழுத்து கழுத்துப்பட்டையின் மேல்பாதியில் மட்டும் இருக்கிறது. கீழ்ப்பாதியை யாருக்கு விட்டீர்கள் என்று இப்போதுதான் உறைக்கிறது. என் பழைய இலக்கத்தை அங்கே எழுதி, அதன்மேல் ஒரு கோடு இழுத்துவிட்டேன். புதிய பாஸ்போட் வர இன்னும் சில கிழமைகள் ஆகும். அதன் இலக்கத்துக்கும் இடம் இருக்கிறது.

வெளியே நல்ல வெயில். ஆனாலும் இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் கடைத்தெரு முழுக்க நடக்கப்போகிறேன்.