உன் அம்மாவின் கறுப்புக் கண்ணாடி

அன்பு மகள் லம்யாய்க்கு, சீ ஆற்றங்கரையிலிருந்து அப்பா புன்மா எழுதுவது.

இங்கே மாடு சுகம். நாய் சுகம். நான் வழக்கம்போல் தின்று தூங்கிச் சுகமாக இருக்கிறேன். இந்த வரிசையில் யாரை விட்டுவிட்டேன் என்று உனக்கே தெரியும். தினமும் முகம் பார்த்துப் பேசுகிற போன் இருக்கும்போது அப்பா எதற்குப் பேனாவைத் தூக்கினார் என்று நினைப்பாய். போன் உன் அம்மாவின் மடியில் இருக்கிறது. நான் வாயைத் திறந்தால் பக்கத்திலிருந்து தொடையில் கிள்ளுகிறாள். பேனாவைக் கிள்ள முடியாது. பக்கத்து வீட்டு மருமகன் வியாழக்கிழமை நீ இருக்கிற தைவானுக்கே திரும்புகிறான், அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் என் வாத்தியாரைத் திட்டு.

அம்மா ஏன் வீட்டுக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பேசுகிறாள் என்று கேட்டாய். கண்ணில் தூசி என்றாள். அடுத்த தடவை, ஊரில் இப்போது இதுதான் நாகரிகம் என்றாள். அந்த நாகரிகத்தோடு சந்தைக்குப் போனபோது, கறுப்புக் கண்ணாடியோடு லாட்டரிச் சீட்டு விற்கிற கண் தெரியாதவள் என்று நினைத்து ஒருவர் அவளிடம் சீட்டு கேட்டுவிட்டார். உண்மை இதுதான் மகளே. அவள் கண் இரண்டும் பழுத்த மாம்பழம் போல மஞ்சளாகிவிட்டன. பித்தக்குழாயில் புற்றுநோய். எழுதிவிட்டேன். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். தேங்கிய பித்தம் வெளியே வர விலாவில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அதன் முனையில் ஒரு பை. நிறைந்ததும் வடித்துச் சுத்தம் செய்வது என் வேலை. நர்ஸ் சொல்லிக்கொடுத்தபோது எல்லாம் புரிந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். ஆட்டியபடியே விழுந்துவிட்டேன். கண் விழித்தால் சக்கர நாற்காலியில் இருக்கிறேன், தள்ளிக்கொண்டு போவது உன் அம்மா. எதிரே வந்த அம்மாள் ஒருத்தி, "பாவம், வீட்டுக்காரருக்கு என்ன சீக்கு?" என்று கேட்டாள். "தைரியக் கொறச்சல். பொறந்ததுலேர்ந்தே இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தள்ளிக்கொண்டே போனாள் இவள். இப்போது எனக்குப் பழகிவிட்டது. பையை வடித்துவிட்டு அதே கை காயுமுன் ஆவியில் வேகிற சோற்றுக் கூடையை அடுப்பில் ஏற்றுகிறேன். கையைக் கழுவிவிட்டுத்தான், பயப்படாதே. என் ஒட்டரிசிச் சோறு வேகும் அழகைப் பார்த்து உன் அம்மா, "இதை அடுக்கினா மாட்டுக்கொட்டாய்க்குச் சுவர் எழுப்பலாம்யா" என்கிறாள்.

டாக்டரம்மா சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். பச்சை மீனில் இருக்கிற புழு ஈரலுக்குள் வருடக்கணக்காகக் குடியிருந்து செய்த வேலை இது என்றாள். பச்சை மீனைத் தட்டுத் தட்டாகத் தின்றவன் நான், பிசையும்போது காரம் உப்பு சரியா என்று விரலில் தொட்டு நக்கியவள் இவள், புழு விலாசம் மாறிப் போய்விட்டதா என்று கேட்டேன். என்னையும் படுக்கவைத்துப் படம் எடுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. உடனே உன் அம்மா, "அவர் உள்ள அது எப்படித் தங்கும் டாக்டர்? புழுவுக்கும் ஒரு ரோசம் இருக்காதா?" என்றாள். டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதன்பிறகு உன் அம்மா செய்த கூத்தைக் கேள். ஊர்த்தலைவர் மகன் பிட்சு ஆகும் விசேஷம். நெற்களஞ்சியத்துக்குப் பின்னால் ஆண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். குளத்து மீனைப் பச்சையாகக் கொத்தி, எலுமிச்சை பிழிந்து, வறுத்த அரிசிப் பொடியும் மிளகாயும் பிசைந்து நடுவில் வைத்திருந்தான் என் கூட்டாளி காம்சிங். அவன் சித்தாந்தம் உனக்குத் தெரியுமே. "எலுமிச்சை பட்டாலே வெந்த கணக்குத்தான்யா. மேல ரெண்டு மடக்குச் சாராயம் போனா எந்தப் புழு பொழைக்கும்? பொழைச்சாத்தான் என்ன, சுகாதார நிலையத்துல மாத்திரை தர்றாங்கல்ல? இன்னிக்கு மீனைத் தின்னு, நாளைக்கு மாத்திரையத் தின்னு." நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்ததை மட்டும் நம்பு, கையில் சோற்று உருண்டை இருந்ததைப் பற்றிக் கேட்காதே.

கறுப்புக் கண்ணாடியும் பையுமாக உன் அம்மா வந்து நின்றாள். வழிவிட்டார்கள். நிதானமாக உட்கார்ந்து, இடுப்பில் தொங்கிய பையை அவிழ்த்து, குழாய் விலாவில் இருந்தபடியே மீன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "காம்சிங் தம்பி, எலுமிச்சை உன்னுது, மஞ்சத்தண்ணி என்னுது. தொட்டுக்கிட்டுச் சாப்பிடுங்க எல்லாரும்" என்றாள். தட்டுக்கு நீட்டிய கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். "அந்த மாத்திரையத்தான் நானும் வருசா வருசம் முழுங்கினேன். முழுங்கிட்டு மறுபடி விரலை நக்கினேன்" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றினாள். அந்தக் கண்ணை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. காம்சிங் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். "அக்கா, சட்டி எங்க இருக்கு?" என்றான். எல்லாவற்றையும் வதக்கிக் கொண்டுவந்தார்கள். உப்பு கொஞ்சம் தூக்கல் என்று நான் மட்டும் சொன்னேன், தொடையில் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காம்சிங் தன் பெண்டாட்டியையும் இழுத்துக்கொண்டு வயிற்றுப் படம் எடுக்கப் போய்விட்டான். இப்போது ஊரில் நாலு ஆண்கள் சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவன் தெருவைப் பார்த்தபடி நிற்கிறான். அம்மாவுக்குப் பேர் இன்ஸ்பெக்டர்.

அது போன மாதம். இப்போது இன்ஸ்பெக்டர் அவ்வளவு தூரம் நடப்பதில்லை. படி வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறாள், அங்கிருந்தே திட்டுகிறாள். குரலுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

சென்ற வாரம் டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினாள். இனி வெட்டி எடுக்கிற கட்டம் இல்லையாம், வலி தெரியாமல் பார்த்துக்கொள்வார்களாம். "பிடிச்சதைச் சாப்பிடுங்கம்மா. பாக்கணும்னு நெனைக்கிறவங்களை வரச்சொல்லிப் பாத்துக்குங்க" என்றாள். உன் அம்மா, "அப்படி யாரும் இல்ல. தினமும் பாக்கிற மூஞ்சிங்களே ஜாஸ்தி" என்று என்னைக் கை காட்டினாள். வெளியே வந்ததும், லம்யாய்க்கு ஒரு வார்த்தை போகக் கூடாது, ஒப்பந்தம் முடியாமல் கிளம்பினால் மறுபடி அந்தத் தொழிற்சாலையில் சேர்க்கமாட்டார்கள் என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். சத்தியம் செய்தேன். பேச்சில்தான் செய்தேன், எழுத்தில் இல்லை.

ஆனால் நேற்று பெரியவர்கள் வந்து, மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி, அலையப்போன உயிரைக் கூப்பிட்டு உடம்பில் உட்காரவைப்போம், நாள் குறி என்றார்கள். வேண்டாம் என்றாள். ஏன் என்றதற்கு, "வீட்டு ஆள் கொறையுது. பாதிப் பேர் கூப்பிட்டா பாதி உசுருதான் வரும்" என்றாள். இந்த வீட்டில் எத்தனை பேர், யார் குறைகிறார்கள் என்று கணக்குப் போட ஏழாம் வகுப்பே போதும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இந்த இடத்தில் பிடிபட்டுவிட்டேன். பின்னால் வந்து நின்று காகிதத்தைப் பிடுங்கி முதலிலிருந்து படித்தாள். சக்கர நாற்காலிக்குச் சிரித்தாள். சோற்று உருண்டைக்கு முதுகில் ஒன்று வைத்தாள். மீதியை இரண்டு தடவை படித்தாள். கிழிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். "எழுத்தா இது, கோழி கெளறின மாதிரி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, "எனக்கு அங்க குளிர்சட்டை வாங்கி வெச்சிருக்கேன்னு அவ சொன்னாள்ல, தபால்ல போட வேணாம்னு எழுது. என் அளவு மாறிப்போச்சு. அவளே கொண்டாந்து போட்டுப் பாக்கட்டும். தொளதொளன்னு இருந்தா இங்கயே உக்காந்து பிடிச்சுத் தைக்கட்டும்" என்றாள்.

நாற்று நடுகிற இந்தப் புழுக்கத்தில் எதற்குக் குளிர்சட்டை, குளிர் வர இன்னும் மாசக்கணக்கில் கிடக்கிறதே என்றேன்.

"எனக்கு இப்பவே குளிருதுய்யா, எழுது" என்றாள்.

எழுதிவிட்டேன் மகளே. சட்டையைத் தபாலில் போடாதே. உன் மேலாளர் மனம் இளகட்டும், நீ வரும் வழியெல்லாம் புத்தரும் ஊர்க்காவல் தெய்வமும் துணை நிற்கட்டும். கையோடு ஊசிநூலும் எடுத்து வா.

உன் அப்பா,
புன்மா