சத்தம் வராத மிக்சி

வியாழன் இரவு, உறுவையாறு.

மிக்சிகளை ஒப்பிட்டு நான் எழுதும் வெப்சைட்டை இன்றும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அதிலுள்ள லிங்க் வழியாக யாராவது வாங்கினால்தான் எனக்குக் கமிஷன். 'சிறந்த மிக்சி' என்று தேடினால் பெரிய வெப்சைட்டுகள்தான் முன்னால் வந்து நிற்கின்றன. ஜனங்கள் வேறு என்ன வார்த்தை போட்டுத் தேடுவார்கள்? காலையிலிருந்து இதே யோசனை.

சாயங்காலம் பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவிடம் கேட்டேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

"மிக்சி வாங்கணும்னா போன்ல இன்னான்னு தேடுவக்கா?"

"அதான் முந்தாநாளே தேடனனே" என்று அக்கா போனைக் காட்டினார். 'சத்தம் வராத மிக்சி' என்று இருந்தது.

எனக்குக் கை பரபரத்தது. அங்கேயே கீவேர்டு டூலில் போட்டுப் பார்த்தேன். தேடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அதைப் பற்றி யாருமே எழுதியிருக்கவில்லை. எனக்கு வேண்டியது இதுதான்.

அக்காவின் வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் நைட் ஷிஃப்ட். பகலில்தான் தூங்குவார்.

"மாமா தூங்கறதுக்காகவாக்கா தேடுன?"

"ஆமா." அக்கா கொஞ்சம் தயங்கினார். "ஆனா எங்க வூட்டுக்கு இல்லடி. உங்க வூட்டுக்குத்தான் பாத்தேன்."

தேடுகிற அந்தக் கொஞ்சம் பேரில் எத்தனை பேர் பக்கத்து வீட்டுக்காகத் தேடுகிறார்களோ. அதை எந்த டூலும் காட்டாது.

கட்டுரைக்குத் தலைப்பு வைத்துவிட்டேன். காலையில் சட்னி அரைக்க வேண்டும். மாமா எத்தனை மணிக்குப் படுப்பார் என்று கேட்காமலே வந்துவிட்டேன்.