ஜக்கின் முகத்தில் உன் பெயர்

என் லெட்சுமி அக்கா,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நம் தாமுவே பேட்டை வீட்டில் மழை ஒழுகுவதும், கரண்ட் வந்து வந்து போவதும் நீ போனில் கேட்டுச் சலித்த கதைதான். புதுச் செய்தி ஒன்றே ஒன்று. நீ கொண்டுவந்த பால் ஜக்குக்கு அமெரிக்காவில் கிராக்கியாம்.

நினைவிருக்கிறதா? அமெரிக்காவின் மேற்கே, வெள்ளிச் சுரங்கம் மூடிப்போன அந்த ஊரில், நீ அறை துடைத்த பழைய ஓட்டல் கைமாறியது. சாமான்களைக் குப்பை வண்டியில் ஏற்றும்போது, "வேண்டியதை எடுத்துக்கொள்" என்றார்கள். ஓட்டல் பெயர் பொறித்த இந்த ஜக்கை எடுத்துக்கொண்டாய். லீவில் வந்ததும் பக்கத்துப் பேட்டையான மிங்கலா தாங்ஞுன்ட்டில் ஒரு பாத்திரக்கடையில் கொடுத்து, அடிப்பக்கத்தில் புள்ளி புள்ளியாக 'வெ. லெட்சுமி' என்று பேர் வெட்டி எனக்குத் தந்தாய்.

"குப்பையில எடுத்ததுக்குப் பேரு வேறயா?" என்று சிரித்தேன். நீ ஜக்கை முந்தானையால் துடைத்து என் கையில் வைத்தாய்.

போன மாதம் நம் தம்பி கண்ணன் அதைப் படமெடுத்து இணையத்தில் போட்டான். அந்த ஓட்டல் சாமான்களையே தேடிச் சேர்க்கும் ஒரு துரை வீடியோவில் வந்தார். ஆங்கிலம் பேச நான் வேண்டுமே. அன்றைக்கு மட்டும் "சின்னக்கா, சின்னக்கா" என்று கண்ணன் வாயில் தேன் ஒழுகியது.

ஓட்டல் சுவரில் எவனோ குடிகாரன் சுட்ட குண்டின் ஓட்டையைக் கண்ணாடி போட்டுக் காப்பாற்றுகிறார்களாம். சொல்லும்போதே துரைக்குக் குரல் தழுதழுத்தது. பிறகு ஜக்கைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார்.

"அடியில் அதென்ன கீறல்?"

"என் அக்கா பெயர். அந்த ஓட்டலில் பன்னிரண்டு வருஷம் அறை துடைத்தவள்."

"ஓ. அதை எடுத்துவிட முடியுமா?"

குடிகாரன் போட்ட ஓட்டை சரித்திரம். நீ வெட்டச் சொன்ன பேர் கீறல்.

அவரை விடு, அவருக்கு நீ யாரோ. கண்ணனுக்கு? நீ அனுப்பிய போனில்தான் படமே எடுத்தான். "பாலீஷ் போட்டா போயிரும் சின்னக்கா. பெரியக்கா இருந்தா சரின்னுதான் சொல்லும்." செத்தவர்கள் சார்பில் தலையாட்ட அவனை விட்டால் ஆளில்லை.

மறுநாள் நான் ஆபீஸ் போனதும் ஜக்கோடு கிளம்பிவிட்டான். புத்திசாலி, அதே பாத்திரக்கடைக்குத்தான் போயிருக்கிறான். மதியம் போன் வந்தது. "சின்னக்கா, சீக்கிரம் வா. இந்த ஆளு என்னைத் திருடன்னு சொல்றாரு."

கடைக்காரர் ஜக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பேரை அழின்னு வர்றவன் எவனும் யோக்கியன் இல்லம்மா. வெட்டினது நானு. இதுல லெட்சுமின்னு இருக்கு, இவருக்கு மீசை இருக்கு. பேருக்கு உடையவங்க வந்து சொல்லட்டும், அழிக்கிறேன்."

"அவங்க செத்துட்டாங்கய்யா!" என்றான் கண்ணன்.

"அப்ப அழிக்கவே முடியாது."

கண்ணன் என்னைப் பார்த்தான். நான் நிதானமாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன், அக்கா. அவன் வியர்ப்பதைப் பார்க்க நன்றாக இருந்தது. நல்ல குணமில்லை, தெரியும்.

"தம்பிதான்" என்றேன் கடைசியில். "பேரை அழிக்க வேணாம். முன்பக்கத்துல, ஓட்டல் பேரு மேலயே, பெரிசா இன்னொரு தடவ வெட்டுங்க."

"நாசமாப் போச்சு! இனி எவன் வாங்குவான்?"

"அதுக்குத்தான்டா."

மெஷின் கிர்ரென்று ஓடும்போது எனக்கு அந்தத் துரை ஞாபகம்தான். அன்றைக்கு உன் பேரைப் பார்த்துச் சிரித்தேனே, அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நான் பி.ஏ. படித்தவள், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு உனக்கு வலித்ததா? கேட்காமலே இருந்துவிட்டேன்.

இனி இந்த வீட்டில் டின் பால் கரைத்தால் இந்த ஜக்கில்தான். நான் இருக்கும்வரை இது எந்தக் கண்ணாடிப் பெட்டிக்கும் போகாது. கண்ணன் வந்தால் அவனுக்கும் டீ உண்டு. உன் பேர் அவன் பக்கம் தெரியும்படி பிடித்துத்தான் பால் ஊற்றுவேன்.

உன் பேரை இப்போதுதான் படிக்கக் கற்றுக்கொண்ட தங்கை,
சரசு