பராசரன் விட்டுப்போன ஆமை

ஸ்ரீரங்கம்
10-1-1964

சௌபாக்கியவதி சத்யபாமாவுக்கு அப்பா அநேக ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம் என்று உன் கடிதத்தில் கண்டு, அந்த ஒரு விஷயத்திலாவது மனம் ஆறியது. குழந்தைக்குச் சளி என்று எழுதியிருந்தாய், காதை மூடாமல் வெளியே தூக்கிப் போகாதே, அங்கே குளிர் நம் ஊர்க் குளிர் இல்லை. இங்கே ஏகாதசிக் கூட்டம் கலைந்து தெரு இப்போதுதான் மூச்சுவிடுகிறது.

அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருந்தாய். அதைச் சொல்ல வேண்டுமானால் உன் தம்பியின் ஆமையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பராசரன் பள்ளியில் படிக்கும்போது கொள்ளிடத்திலிருந்து சட்டைக்குள் சுற்றிக் கொண்டுவந்து, ஆள் வந்தால் தலையை இழுத்துக்கொண்டு ஆள் போனதும் எட்டிப்பார்க்கிறது என்று சொல்லி ஹெட்மாஸ்டரான என் எதிரிலேயே அதற்கு ஹெட்மாஸ்டர் என்று பெயர் வைத்தானே, அதே ஆமைதான். சீனச் சண்டையில் அவனைக் காணவில்லை என்று தந்தி வந்தது, அப்புறம் சிறைப்பட்டவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள், அவன் வரவில்லை, கடைசியில் இறந்ததாகவே கொள்ள வேண்டும் என்று பட்டாளத்திலிருந்து எழுதிவிட்டார்கள். சித்தப்பாவும் வைதீக வாத்தியாரும் காரியத்தைப் பண்ணிவிடலாம் என்று வந்து உட்கார்ந்தபோது அம்மா, அவன் கொண்டுவந்தது உசிரோட இருக்கறச்சே அவனுக்கு எள்ளு எறைக்கணுமா, இது இருக்கற வரைக்கும் இந்தப் பேச்சை இந்த ஆத்துல எடுக்கப்படாது என்று சொல்லிவிட்டாள். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். இப்போது அந்த ஆமைக்கு உடம்பு சரியில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அன்றைக்கு அவர்கள் எழுந்துபோன கையோடு அம்மா அதைக் கொல்லைச் சிமெண்டுத் தொட்டியிலிருந்து எடுத்துப் பூஜை செய்யும் பெருமாள் உள்ளில் பித்தளை அண்டாவில் விட்டாள். கூர்மாவதாரமாயிற்றே, பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறாள். கொல்லையில் இருந்தவரை அது வெயிலில் கல்மேல் ஏறிக் கிடக்கும், மண்புழு, நத்தை என்று கிடைத்ததைப் பிடித்துத் தின்னும், நாம் கண்டும் காணாமல் இருந்துவிடுவோம். அண்டாவில் வெயிலும் இல்லை, புழுவும் இல்லை. பெருமாளுக்கு நைவேத்தியமாகக் கண்டருளப் பண்ணின தயிர்சாதம்தான் இரண்டு வேளையும். மார்கழி பிறந்ததும் வாசலில் கோலம் போட்டுவிட்டு வந்து, பனியோடு பனியாகக் கிணற்று ஜலத்தை இறைத்து அதற்கும் தலையோடு திருமஞ்சனம் மாதிரி செய்யத் தொடங்கினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அவளுக்கு அதில் ஓர் ஆறுதல் இருந்ததால் தடுக்கவில்லை.

வகுப்பில் ஒரு பையனுக்கு உடம்பு சரியில்லை என்பதை நெற்றிச் சூடு காட்டிக்கொடுக்காது, மணியடித்தும் அவன் விளையாடப் போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பதுதான் காட்டிக்கொடுக்கும். ஆமையும் அப்படித்தான். கையை நீட்டினால் நீந்தி வருவது நின்றுபோயிற்று. பிறகு கண் இமைகள் வீங்கி ஒட்டிக்கொண்டன. இரை எது, கல் எது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டது. ஓட்டின் ஓரத்தை அழுத்தினால் நனைந்த புத்தக அட்டைபோல் வளைகிறது. மூக்கில் குமிழ் வருகிறது, மூச்சில் விசில்போல் ஒரு சத்தம். தண்ணீரில் விட்டால் ஒரு பக்கம் ஓட்டையான ஓடம்போல் சாய்ந்து மிதக்கிறது.

டவுன்பஸ் ஏறி மன்னார்புரத்தில் கிளமென்ட் என்கிற கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். மூடி போட்ட தூக்கோடு வந்தவனைப் பார்த்துவிட்டு, என்ன சார், அக்காரவடிசலா, இப்படி வைங்க என்றார். திறந்து காட்டியதும் சிரிப்பு போய்விட்டது. எனக்கு மாடும் நாயும்தான் தெரியும், ஆமைக்குப் படிச்சதில்லை, தெரிஞ்சதைச் சொல்றேன் என்று நேர்மையாகச் சொன்னார். மாமிசமும் தின்கிற ஜீவன், வெறும் சோற்றில் அதற்குச் சத்து இல்லை, கண் வீங்கினது அதனால். வெயில் படாததால் ஓடு இளகிவிட்டது. குளிர்ந்த ஜலத்தால் நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, சாய்ந்து மிதப்பது அதற்கு அடையாளம். பகலில் ஈரமில்லாமல் இளவெயிலில் வைக்க வேண்டும், ஒதுங்க நிழலும் வேண்டும், வெதுவெதுப்பான ஜலத்தில் சிறிது நேரம் விட வேண்டும், போரிக் தண்ணீரில் பஞ்சை நனைத்து இமையைத் துடைக்க வேண்டும், மீன் எண்ணெயும் மண்புழுவும் கொடுக்க வேண்டும் என்றார். பென்சிலின் ஊசி ஒன்று தொடையில் போட்டார், அளவு ஊகம்தான் சார் என்றார். படியிறங்கும்போது பின்னாலேயே வந்து, ரொம்ப நம்பிக்கை வச்சுக்காதீங்க, லேட்டாயிடுச்சு என்றார்.

அம்மாவிடம் பாதிதான் சொன்னேன். அதற்கே அவள், பெருமாள் சேஷத்தைச் சாப்பிட்டு யாருக்காவது உடம்பு கெடுமோ, மீன் எண்ணெயை இந்த நிலைப்படி தாண்ட விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். மறுநாள் பால்காரி பவுனம்மாளிடம் அவளே, மண்புழு கெடச்சா எலையில சுத்திக் கொண்டா, கொல்லை வழியா வா என்று சொல்வது என் காதில் விழுந்தது. பவுனம்மாள், என்னம்மா, ஐயா தூண்டில் போடப் போறாங்களா என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அம்மா சிரித்த சத்தம் கேட்டது. அந்தப் புழுவைத் தன் கையாலேயே ஊட்டப் பார்த்தாள், ஒவ்வொரு தடவையும் தலைக்கு ஜலம் விட்டுக்கொண்டாள். அது வாயைத் திறக்கவில்லை.

இன்று காலையில் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவிக் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, போறும்னா, இனிமே இதைப் படுத்த வேண்டாம், காரியத்துக்கு வாத்தியாருக்குச் சொல்லி அனுப்பிச்சுடுங்கோ என்றாள். அழவில்லை. சாதம் வடிக்க உள்ளே போய்விட்டாள். இந்த வார்த்தையை அவள் சொல்ல வேண்டும் என்றுதான் நானும் இத்தனை நாள் காத்திருந்தேன். சொன்னதும் எனக்கு வாசல் பக்கம் போகத் தோன்றவில்லை. ஆமையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய், வெயிலில் சாக்கை விரித்து உட்கார்ந்து, ஸ்பூன் காம்பால் அதன் வாயைத் திறந்து, கொல்லையிலேயே வைத்திருந்த மீன் எண்ணெயை விட்டேன், வழிந்துவிட்டது, மறுபடி விட்டேன். உச்சிப்பொழுதுக்கு அம்மா வந்து நின்று, ஏன்னா, வாத்தியார் ஆத்துக்கு இன்னும் போகலையா என்று கேட்டாள். இது ஒரு வாய் முழுங்கட்டும், போறேன் என்றேன். இந்தக் கடிதத்தையும் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், இன்னும் முழுங்கவில்லை. அம்மாவை நான் பார்த்துக்கொள்வேன் என்று உனக்குத் தைரியம் சொல்லியிருந்தேன், இப்போது என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருக்கிறது. மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டு உடனே புறப்பட்டு வா.

நீ தீர்க்க சுமங்கலியாகவும், குழந்தை தீர்க்காயுசாகவும் இருக்க ரங்கநாதனை வேண்டிக்கொள்கிறேன். ரயிலில் குழந்தைக்குக் காய்ச்சின ஜலத்தையே கொடு, ஜன்னலோரம் படுக்க வைக்காதே.

உன் பிரியமுள்ள அப்பா,
வேதாந்தம்