குழாயில் அடைத்த துணி

அன்பு மகன் ஜோஷ்வாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அங்கே தோகாவில் நீயும் ஜெனியும் குட்டி அபிகாயிலும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், கோடு போட்ட தாளிலும் மேலே ஏறிக் கீழே இறங்குகிறது, பொறுத்துக்கொண்டு படி. ஞானசௌந்தரி டீச்சரின் மாலை வகுப்பில் இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு உனக்கு எழுதும் முதல் கடிதம். உன் பெயரை எழுதியதும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவ்வளவு சந்தோஷம். ஆனால் சொல்ல வந்த சேதி சந்தோஷமானது இல்லை. போனில் சொன்னால் ஒன்றும் ஆகாதுப்பா என்று சிரித்துவிட்டு வைத்துவிடுவாய், கடிதம் என்றால் முழுக்கப் படிப்பாய்.

நீ ஆசைப்பட்டு வாங்கி இங்கே விட்டுவைத்திருக்கும் பழைய காரைப் பற்றித்தான். உன் சிநேகிதன் எழில் ஞாயிறுதோறும் எங்களைப் பூசைக்கு அதில்தான் கூட்டிப்போகிறான். கொஞ்ச காலமாகப் பின்னால் நீலப் புகை, ஆயிலை ஊற்ற ஊற்றக் குடிக்கிறது. கேம்ப் ரோட்டில் திரும்பினாலே பிள்ளைகள் கொசு மருந்து வண்டி என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடி வருகிறார்கள். தள்ளுவண்டியில் இட்லி விற்கும் அம்மா சட்டியை மூடிக்கொண்டு, “இன்னா சார், நாஷ்டா நேரத்துலயா மருந்து அடிப்பீங்க” என்று கேட்டாள். எழிலுக்கு அவமானமாகிவிட்டது. முன்பக்கம் எஞ்சின் மூச்சுவிடுவதற்கென்று ஒரு குழாய் உண்டாம், அதிலும் புகை வருகிறது என்று அவன் வீடியோவில் காட்டியதற்கு, துணியை வைத்து அடைடா, டிசம்பரில் வந்து பார்க்கிறேன் என்று நீதான் சொன்னாயாம். அவனும் அடைத்தான். முன்பக்கப் புகை நின்றது, எங்களுக்கும் நிம்மதியாக இருந்தது.

போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது இரும்புலியூர் பாலம் ஏறினோம். பின்சீட்டில் இருந்த அம்மா, “சாம்பிராணி வாசனை இன்னும் மூக்குலயே நிக்குதுங்க” என்றாள். நானும் தலையாட்டினேன். உடனே கால் சுடுது என்று அலறினாள். எழில் ஓரம் கட்டினான். இறங்கிப் பார்த்தால் வண்டிக்கு அடியில் தீ, ஜோஷ்வா. அடுப்புத் தீ அளவுதான், ஆனால் அம்மா பக்கத்துக் கதவு திறக்கவில்லை. வெளியிலிருந்து நான் இழுக்கிறேன், உள்ளிருந்து அவள் கண்ணாடியைத் தட்டுகிறாள், வாய் அசைகிறது, சத்தம் கேட்கவில்லை. எழில் மறுபக்கக் கதவு வழியாக உள்ளே போய் அவளை இழுத்து வெளியே போட்டான். வழியில் வந்த ஒரு லாரிக்காரர் மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தார்.

மெக்கானிக் வில்பிரட் வந்து அந்தத் துணியை உருவி எழில் முகத்துக்கு நேரே ஆட்டினான். “மச்சான், உன் மூக்கைப் பொத்தினா நீ சும்மா இருப்பியா? உள்ள பிஸ்டன் ரிங்கு தேஞ்சு காத்து முட்டிகினு கீது. போக வழியில்லாம ஆயிலைப் பின்னால தள்ளிவுட்டுச்சு, அது கொதிக்கிற சைலன்சர் மேல கொட்டிச்சு. வேற இன்னா ஆவும்?” என்றான். எழில் அழுதுவிட்டான். அவனை ஒன்றும் திட்டாதே.

எனக்கு உன் மேல் கோபம் இல்லை, பயம்தான். வேளாங்கண்ணிக்கு அந்தக் காரில்தான் போகப்போகிறோம் என்று அபிகாயிலிடம் சொல்லி வைத்திருக்கிறாய். அவள் உட்காரப்போவது அந்தக் கதவுப் பக்கம்தான். அம்மா இப்போது ஆட்டோவில் ஏறுவதற்கே தயங்குகிறாள். “எனக்காவது கண்ணாடியைத் தட்டத் தெரிஞ்சுது, கொழந்த இன்னா பண்ணும்” என்று சாப்பிடும்போது கேட்டாள். தட்டை நகர்த்திவைத்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். வில்பிரட் எஞ்சினைப் பிரித்து ரிங்கு மாற்றிக் கதவையும் சரிசெய்து தருகிறேன் என்கிறான், செய்யட்டும். ஆனாலும் வேண்டாம் அய்யா. தாம்பரத்திலேயே ரயில் ஏறிப் போய்விடலாம்.

மாதா உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, ஜெனியிடம் கோபமாகப் பேசாதே. அபிகாயிலை அதில் ஏற்ற மாட்டேன் என்று உன் கையால் ஒரு வரி எழுதி அனுப்பு. அது வரும்வரை அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் எழுதிக்கொண்டே இருப்பேன். எழுத்துகளைப் பெரிதாக எழுது, நானே அதைப் படித்து அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா
சவுரிமுத்து
சேலையூர்