வெளியே உட்காரும் ஆள்

அன்புள்ள அம்மாவுக்கு ஜோசலின் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் சேலையூரில் சுகமாக இருக்கிறேன். முழங்கால் வலி தேவலையா?

கோரஸ் பாடும் பெண்கள் நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒருத்தி ரெக்கார்டிங் போனால், இன்னொருத்தி கூடவே போய்ப் பாடும் அறைக்கு வெளியே உட்காருவாள். நேற்று எனக்காக ஜீவிதா அக்கா வந்தார். பாடி முடித்ததும் இசையமைப்பாளர், "அவங்க கிளம்பட்டும், நீ மட்டும் இரும்மா" என்றார்.

அக்கா எழுந்திருக்கவே இல்லை. "சேர்ந்து வந்தோம் சார், சேர்ந்துதான் போவோம்."

அவ்வளவுதான், பயப்படாதீர்கள். அங்கே இனி எங்கள் இருவரையும் கூப்பிட மாட்டார்கள்.

ஸ்டுடியோ ஏசியில் குளிர் தாங்கவில்லை. உங்கள் பழைய சால்வையை அனுப்புங்கள், துவைக்க வேண்டாம். தாம்பரம் பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன். இன்று ஏஞ்சல் என்றொரு புதுப்பெண் முதன்முதலாகப் பாடுகிறாள். வெளியே உட்காரப்போவது நான்.

உங்கள் மகள்