சித்தூர் குடோனில் மாட்டிய உன் படம்

நகரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தேவசேனாவுக்கு நைனா எழுதுவது. திரௌபதியம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், டேராடூன் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுவாள், வாட்ஸ்அப்பில் எழுதினால் உனக்கு முன்னால் அவள் படித்துவிடுவாள். இது அவளுக்குத் தெரியக் கூடாது. மூன்று வாரமாக நீ கூப்பிட்டால் நான் எடுப்பதில்லை. தறி மோட்டார் ரிப்பேருக்குப் போயிருந்தேன் என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன். பொய். போன் கையில்தான் இருந்தது. ஏன் எடுக்கவில்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன், எனக்குச் சுற்றி வளைக்க வராது, நேராகச் சொல்கிறேன்.

திருப்பதித் தெலுங்குப் பையன் யஸ்வந்த் ஒரு சண்டைப் படம் எடுக்கிறான் என்று சொன்னேனே, நம் கோயில் கூத்தில் என் துரியோதனனைப் பார்த்துவிட்டுத்தான் வில்லன் வேஷத்துக்குக் கூப்பிட்டான். பீமன் வேஷம் கட்டும் துலுக்காணத்தையும் அடியாளாக இழுத்துக்கினு போனேன். சித்தூர் பக்கம் சீசன் முடிந்து மூடிக் கிடந்த மாம்பழக் கூழ் ஃபேக்டரி குடோனில் ஷூட்டிங். ஒரே கேமரா. டூப் கிடையாது, மேலேயிருந்து விழுவதற்கு அட்டைப்பெட்டி அடுக்கி அதன்மேல் யஸ்வந்த் வீட்டு மெத்தை. முதல் நாளே ஜெனரேட்டர் நின்றுவிட்டது, வேஷத்தோடு போய் நானே கழற்றி மாட்டினேன், அன்றிலிருந்து லைட்டு ஒயர் எல்லாம் என் தலையில். பதினாலு வருஷம் மேடையில் கத்திப் பழகிய தொண்டை, நான் வசனம் ஆரம்பித்தால் யஸ்வந்த் காதைப் பொத்திக்கொண்டு, அன்னா, மைக்கு உன் மூக்குக்குக் கீழே இருக்குது, புத்தூர் வரைக்கும் கேக்க வேணாம் என்பான். கேக்கட்டும் சார், டிக்கெட் வாங்காதவன் நாலு பேராவது கேப்பான் என்பான் துலுக்காணம். சிரிப்பாகத்தான் போய்க்கினு இருந்தது.

வில்லனுக்கு ஒரு மகள் செத்துப்போய்விடுகிறாள், அந்த வெறியில்தான் அவன் அப்படி ஆகிறான் என்று கதை. நாலாம் நாள் செத்த மகளின் படத்தைச் சுவரில் மாட்டி எடுக்க வேண்டும். போட்டோ கொடுப்பதாகச் சொல்லியிருந்த பெண்ணின் வீட்டில், உயிரோடு இருப்பவளுக்கு மாலையா என்று மறுத்துவிட்டார்கள். யஸ்வந்த் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். ஆளாளுக்குப் பேசிக்கினு நிற்கிறார்கள், வேலை நடக்கவில்லை, எனக்குப் பொறுக்கவில்லை. என் போனிலிருந்து உன் படத்தைக் கொடுத்தேன். ரேணிகுண்டா ஸ்டேஷனில் நீ ரயில் ஏறும்போது எடுத்தது, பச்சை சுடிதார், தோளில் பை. துலுக்காணம் கையைப் பிடித்தான். மாமா, வேணாம், உசிரோட இருக்கிற புள்ள என்றான். காகிதம், அதுமேல இங்க், அதுல உசிர் எங்கடா இருக்குது, டிவி பொட்டியைப் பிரிச்சா உள்ள ஆள் இருப்பானா என்று திட்டினேன். சித்தூர் பஸ் ஸ்டாண்டு ஸ்டுடியோவில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஃபிரேம் செய்து, கண்ணாடிமேல் குங்குமம் வைத்து, சந்தனச் சீவல் மாலையோடு கொண்டுவந்தார்கள். முன்னால் ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பு எரிய வேண்டும் என்றான் யஸ்வந்த். அதற்கு ஒயர் இழுத்து கனெக்‌ஷன் கொடுத்தது நான்தான். ஸ்விட்சைப் போட்டுவிட்டு, சரியாக எரிகிறதா என்று நிமிர்ந்து பார்த்தேன்.

ஆக்‌ஷன் என்றான். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. தம்பிமார் தொண்ணூற்றொன்பது பேர் போனதற்கு வருஷா வருஷம் மேடையில் மார் அடித்துக்கொண்டவன், ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. அன்றைக்குத் தரையில் மண்டி போட்டு அழுதுவிட்டேன். யஸ்வந்த் கட் சொல்லவே இல்லை. முடிந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள், துலுக்காணம் மட்டும் தட்டாமல் போய் பல்பை அணைத்துவிட்டு மாலையைக் கழற்றினான். யஸ்வந்த் என்னைக் கட்டிப் பிடித்து, அன்னா, இந்த ஒரு ஷாட்டுதான் படம் என்றான். அதிலிருந்து நீ கூப்பிட்டால் போனில் அதே பச்சை சுடிதார் வருகிறது, அதன்மேல் எனக்கு மாலை தெரிகிறது. வேறு படம் மாற்றிப் பார்த்தேன், நீ பள்ளிக்கூடம் போன காலத்துப் படம்கூடப் போட்டேன், அதிலும் குங்குமம். ரிங் நிற்கும்வரை பார்த்துக்கினு இருப்பேன், விரல் போகாது. இதெல்லாம் மனசு செய்கிற வேலை என்று எனக்குத் தெரியாதா, தெரிந்து என்ன.

போன வாரம் யஸ்வந்த் போன் செய்து, டீசரில் முதல் ஷாட்டே அதுதான் என்றான். வந்தால் ஊரே பார்க்கும், உன் அம்மா பார்ப்பாள், நீயும் பார்ப்பாய். படத்தில் இருக்கும் முகத்தை மட்டும் மாற்று என்றேன். உன் நிழல் அதுமேல ஆடுது அன்னா, கம்ப்யூட்டர்ல முகம் மாத்தத் தெரிஞ்ச ஆள் நம்மகிட்ட இல்ல, வேணாம்னா மொத்தமா தூக்கறேன், ஆனா அது இல்லன்னா நீ சும்மா அடி வாங்கிச் சாகற ரவுடி, வந்து பாத்துட்டுச் சொல்லு என்றான். திருப்பதி போனேன். எடிட் செய்யும் ரூமில் போட்டுக் காட்டினான். நன்றாக நடித்திருக்கிறேன் கண்ணு, உன்னிடம் எதற்குப் பொய். இருக்கட்டும் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. இன்னொரு தடவை போடு என்றேன். அப்போதுதான் தெரிந்தது. அழுதுக்கினு இருக்கும்போது என் முகம் இருட்டுக்குள் போகிறது, உடனே முழங்காலைக் கொஞ்சம் நகர்த்தி லைட்டுக்கு முகம் கொடுக்கிறேன். மேடைப் பழக்கம். உனக்காக அழுதது சத்தியம், ஆனால் அப்போதும் உள்ளே ஒருத்தன் லைட்டு எங்கே விழுகிறது என்று பார்த்துக்கினு இருந்திருக்கிறான். தூக்கிடு என்றேன். நெஜமாவா என்று இரண்டு தடவை கேட்டான். காப்பி எங்கெங்கே இருக்கிறது என்று கேட்டு, அதையும் என் எதிரிலேயே அழிக்க வைத்தேன். இப்போது அந்த வில்லனுக்கு மகளே கிடையாது.

ஃபிரேமையும் வாங்கி வந்தேன், ஆனால் அதை வீட்டுக்குள் எப்படி எடுத்து வருவது. திருப்பதி பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து பின்னட்டையைப் பிரித்துப் படத்தை உருவிக்கொண்டு மீதியைக் குப்பையில் போட்டேன். படத்தில் ஒரு கறை இல்லை. கிழிக்கக் கை வரவில்லை, பீரோவில் வைக்கத் தைரியமும் இல்லை. சுருட்டி இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். உன் முகம், நீ வைத்துக்கொள், இல்லை கிழித்துப் போடு. உன்னைக் கேட்காமல் கொடுத்தது என் தப்பு, திட்டுவதானால் திட்டு.

அம்மன் உனக்கு நீண்ட ஆயுசு கொடுக்கட்டும், படிப்பு நல்லபடி முடியட்டும். ஹாஸ்டல் கீசரை அணைத்துவிட்டுத்தான் குளிக்க வேண்டும். பார்சலில் கரண்டு பார்க்கும் டெஸ்டர் ஒன்று இருக்கிறது, குழாயில் வைத்துப் பார், எரிந்தால் தொடாதே. ஒன்று மட்டும் மறக்காமல் செய். என்னிடம் இருக்கும் உன் படம் எல்லாம் அந்த நாளுக்கு முன்னால் எடுத்தது. இன்றைக்கு ஒன்று எடுத்து அனுப்பு. தலை சீவ வேண்டாம், நல்ல துணி வேண்டாம். மெஸ்ஸில் வாய் நிறைய சோறு துன்னுக்கினு இருக்கும்போது எடுக்கச் சொல். மாலை போட்ட படத்தில் யாரும் மென்றுகொண்டிருக்க மாட்டார்கள்.

உன் நைனா,
ஹேமநாத்